தொலைவிலிருந்தே மின்சாரத்தை நிறுத்தித் திறக்க வழிசெய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் துறையின் கணினிக் கூடத்தில் ஓடும் 16 கணிப்பு இயந்திரங்களில் (ஆய்வுக் கணக்குகளை ஓட்டும் கணினிகளில்) எது உறைந்து நின்றாலும், அதை அணைத்துப் போடுவதற்கு இனி யாரும் நேரில் வரவேண்டியதில்லை. இயந்திரங்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்புறம் நெடுக்காகப் பொருத்தியிருக்கும் இரண்டு பிடியூ (மின்பகிர்வு) பட்டைகள், வலைப்பின்னல் வழியாக வரும் கட்டளையை ஏற்று, ஒவ்வொரு பிளக் துளைக்கும் போகும் மின்சாரத்தைத் தனித்தனியே நிறுத்தவும் திறக்கவும் செய்கின்றன. கட்டளை எழுதியது நான்தான் என்பதால் பாராட்டும் எனக்கே வந்து சேர்கிறது. உண்மையில் கட்டமைப்புக் கோப்பு எழுதுவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. எந்தத் துளையில் எந்த இயந்திரம், அந்தத் துளை எவ்வளவு சுமை தாங்கும், மின்சாரம் திரும்பியதும் அந்த இயந்திரம் என்ன செய்யும் என்ற மூன்றும் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் கோப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. அந்த மூன்றையும் உறுதிசெய்து கொடுத்தவர்களுக்காகவே இந்த மடல்.

முதலில் எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலர் ஐயா. பட்டைகள் வருவதற்கு முன்பு இந்த வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தவர் அவர்தான். நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்தாலும் சலிக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல்மாடி ஏறி, இயந்திரத்தின் முகப்பில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, நான் ஆமாம் என்று சொன்ன பிறகே பொத்தானில் கை வைப்பார். நான்கு வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் உறைந்த கணினி அணையும் என்பதை ஒருமுறை சொன்னதும் அப்படியே பிடித்துக்கொண்டார். பெயரை உறுதிசெய்துகொண்டு பிறகு அணைப்பது என்ற அவருடைய பழக்கத்தையே இப்போது எங்கள் நிரலிலும் வைத்திருக்கிறோம். அணைக்கும் கட்டளை இயந்திரத்தின் பெயரைத் திரும்பக் கேட்காமல் நகராது.

அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மாவுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கொள்முதல் கோப்பில் இந்தப் பட்டை ‘பிளக் போர்டு’ என்று பதிவாகிவிட, ஒரு பிளக் போர்டுக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி எழுந்தது நியாயமே. அவர்கள் கோப்பைத் திருப்பி அனுப்பாமல் என்னை அழைத்து உட்காரவைத்து, அது என்ன செய்யும் என்று பொறுமையாகக் கேட்டு, தம் கைப்படவே குறிப்பு எழுதி மேலே அனுப்பினார்கள். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் எழுதியிருந்தாலும் அந்தக் குறிப்பு அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பட்டைகளைச் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் செருகினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அவர் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்து, கணிப்பு இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடும்போதுதான் அளப்பேன் என்று காத்திருந்து அளந்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 வாட். ஒரு பட்டைக்கு எட்டு இயந்திரங்கள் என்றால் 2,400 வாட். 230 வோல்ட்டில் அது பத்தரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பட்டைக்கும் 16 ஆம்பியர் இணைப்பு. எந்நேரமும் ஓடும் சுமையை அதில் எண்பது விழுக்காட்டுக்குள், அதாவது 12.8 ஆம்பியருக்குள் வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தாராளமாக இடம் இருக்கிறதே என்று நான் மகிழ்ந்தபோது, எல்லா இயந்திரங்களுக்கும் தரவைக் காத்துவைக்கும் சேமிப்பு சர்வர்கள் இரண்டையும் அவர் சுட்டிக்காட்டினார். அவை ஒவ்வொன்றிலும் இரண்டு மின்வழங்கிகள் உண்டு. ஒன்று இந்தப் பட்டையிலும் மற்றொன்று அந்தப் பட்டையிலும் செருகப்படும். இயல்பான நாளில் இரண்டும் சுமையைப் பாதிப்பாதி பகிர்ந்துகொள்ளும். ஒரு பட்டையின் எம்சிபி (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிட்டால் அந்தப் பாதிச் சுமையும் மற்ற பட்டையின் தலையில் ஏறும். இரண்டு சர்வர்களுக்கும் சேர்த்து 500 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் கூடி, மொத்தம் 12.6 ஆம்பியர் ஆகிவிடும். இனி இந்தப் பட்டைகளில் ஒரு மேசை விசிறிகூடச் செருகக் கூடாது என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த துளைகளுக்கு அவரே மூடி போட்டுவிட்டுப் போனார்.

எல்லா இயந்திரங்களையும் ஒரே நொடியில் திறக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். மின்வழங்கிகளில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், ஒரு கணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை அவை இழுக்கும். எட்டும் ஒன்றாக இழுத்தால் எம்சிபி விழும். பட்டையிலேயே ஒவ்வொரு துளைக்கும் தாமத நேரம் குறிக்கும் வசதி இருந்ததால், சேமிப்பு சர்வர்களின் துளைகளை முதலிலும், கணிப்பு இயந்திரங்களைச் சில நிமிடங்கள் கழித்து ஒவ்வொன்றாகச் சில வினாடி இடைவெளியிலும் திறக்கும்படி வைத்தோம். மின்வெட்டுக்குப் பிறகு கணிப்பு இயந்திரங்கள் முந்திக்கொண்டு எழுந்து, இன்னும் எழாத சேமிப்பு சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும் தொல்லையும் இதனாலேயே தீர்ந்தது.

ஆய்வக உதவியாளர் அக்கா செய்த வேலை யார் கண்ணுக்கும் படாதது. பட்டைகளில் ஒன்றைத் தலைகீழாகத்தான் பொருத்த முடிந்தது. கேபிள் கீழிருந்து வருவதால் வேறு வழியில்லை. ஆகவே ஒன்றில் துளை எண் மேலிருந்து கீழாகவும், மற்றொன்றில் கீழிருந்து மேலாகவும் ஓடுகிறது. இதைக் கண்ணால் பார்த்துக் கணக்கு வைத்தால் எப்போதாவது தவறு நேரும் என்று சொல்லி, ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் பட்டை எழுத்து, துளை எண், இயந்திரத்தின் பெயர் மூன்றையும் அச்சிட்டு ஒட்டினார். அதோடு நிற்கவில்லை. நான் திரையில் ஒரு துளையை அணைக்க, அவர் ரேக்கின் முன்னால் நின்று எந்த இயந்திரத்தின் விளக்கு அணைந்தது என்று உரக்கச் சொல்ல, 16 இயந்திரங்களையும் அப்படியே சரிபார்த்தோம். ஒட்டிய சீட்டு ஒன்று சொல்லி, அணைந்த விளக்கு வேறொன்று சொல்லும் இடமே இல்லை என்று ஆன பிறகுதான் அந்தப் பெயர்களைப் பட்டையின் நினைவகத்தில் பதிந்தோம்.

அந்தச் சரிபார்ப்பின்போது அவர் கவனித்த இன்னொன்றும் உண்டு. அணைத்துத் திறக்கும் கட்டளையில் பட்டை ஐந்து வினாடிதான் மின்சாரத்தை நிறுத்தி வைத்தது. சில இயந்திரங்களின் தாய்ப்பலகையில் மின்னும் சிறு பச்சை விளக்கு, அந்த ஐந்து வினாடிக்குள் அணையவே இல்லை. கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரமே அதை எரியவைத்தது. விளக்கு அணையாத இயந்திரத்துக்கு மின்சாரம் போனதே தெரியாது, அது தானாக எழாமலே கிடக்கக்கூடும். ஒவ்வொன்றிலும் அந்த விளக்கு அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் குறித்துக்கொடுத்ததை வைத்து, நிறுத்தி வைக்கும் நேரத்தை 15 வினாடியாக மாற்றினோம். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

ஆய்வு மாணவ மாணவியர் ஒவ்வொரு இயந்திரத்தின் பயாஸிலும் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலிலும்) புகுந்து, மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை மாற்றிக் கொடுத்தார்கள். அணைந்தே இரு, முன்பிருந்த நிலைக்குப் போ, எப்போதும் எழு என்று பெரும்பாலும் மூன்று தெரிவுகள் இருக்கும். இரண்டாவது போதும் போலத் தோன்றும். ஆனால் ஓர் இயந்திரத்தை முறைப்படி அணைத்துவிட்டுப் பிறகு துளையை நிறுத்தித் திறந்தால், அது முன்பு அணைந்திருந்த நிலைக்கே போய் அணைந்தே கிடக்கும். தொலைவில் இருப்பவரால் அதை எழுப்ப முடியாது. எனவே மூன்றாவதே வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் இந்த மாற்றம் தங்காமல் போனதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர் முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர். அமைப்பைக் காத்துவைக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துபோன இயந்திரத்தில், துளையை அணைத்த கணமே அமைப்பும் அழிந்துவிடுகிறது. மீண்டும் எழும்போது எஃப்1 விசையை அழுத்து என்று கேட்டுக்கொண்டு, இல்லாத விசைப்பலகைக்காகக் காத்திருக்கிறது. கடைத்தெருவில் சில பேட்டரிகளை வாங்கி மாற்றியதும் அந்தச் சிக்கல் ஒழிந்தது.

வலைப்பின்னல் பிரிவு நண்பர்கள் பட்டைகளுக்கென்று தனி விலேன் (பொது வலையிலிருந்து பிரித்த தனி வலை) ஒதுக்கி, அதிலிருந்து இணையத்துக்குப் பாதையே இல்லாதபடி செய்து, எங்கள் தலைமைக் கணினி ஒன்று மட்டுமே அங்கே நுழைய முடியும் என்று வகுத்தார்கள். இத்தகைய கருவிகளை வலைப்பின்னல் வழியாக ஆளும் எஸ்என்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பிலும் அதையடுத்த பதிப்பிலும் கடவுச்சொல்லாகப் பயன்படும் சொல், மறைக்கப்படாமல் வெட்டவெளியில் பயணிக்கிறது. பல கருவிகளில் அது ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற பொதுச் சொற்களாகவே கடையிலிருந்து வருகிறது. அதை மாற்றாமல் பொது வலைப்பின்னலில் விட்டால், ரேக்கின் சுவிட்சைத் தெருவில் மாட்டிவைத்ததற்குச் சமம். தொலைவிலிருந்து உள்நுழையும் வழிகளில், அவர்கள் மறையாக்கம் இல்லாத டெல்நெட்டை அடைத்து, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்எச்சை மட்டும் திறந்து, எஸ்என்எம்பியில் அடையாளச் சரிபார்ப்பும் மறையாக்கமும் உள்ள மூன்றாம் பதிப்பையே அனுமதித்தார்கள். மாணவர் ஆய்வகத்தின் சாதாரண கணினிகளுக்குப் பட்டை வாங்கப் பணமில்லை. அவற்றை வலைப்பின்னல் வழியாகவே எழுப்பும் வேக்-ஆன்-லேன் முறையையும் அவர்களே அமைத்துத் தந்தார்கள்: 255 என்ற மதிப்பு ஆறு முறை, பிறகு அந்தக் கணினியின் மேக் முகவரி (அதன் வலையட்டையின் அடையாள எண்) 16 முறை, ஆக 102 பைட் கொண்ட ஒரு சிறு பொட்டலம். அது தூங்குவதை எழுப்பும், உறைந்ததை அணைக்காது. ரௌட்டரையும் இயல்பாகத் தாண்டாது என்பதால், ஆய்வகத்துக்குள்ளேயே அதை அனுப்ப ஒரு பழைய கணினியை நிறுத்தியிருக்கிறார்கள்.

நேரில் பார்த்திராதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பெருங்கணினிக் கூட்டங்களை ஆள்வதற்காக எழுதப்பட்டு, எவரும் எடுத்துக்கொள்ளும்படி விடப்பட்ட பவர்மேன் என்ற நிரல்தான் எங்கள் ஏற்பாட்டின் நடுநாயகம். அதன் கோப்பில் எழுத வேண்டியவை மூன்றே: எந்த நிறுவனத்தின் பட்டை என்பதற்கான விவரக் கோப்பு, அந்தப் பட்டையின் முகவரி, எந்தப் பெயர் எந்தத் துளை என்ற வரி. எட்டு இயந்திரங்களை எட்டு வரியில் எழுத வேண்டியதில்லை. ஒன்று முதல் எட்டு வரை என்று சதுர அடைப்பில் குறித்தால் போதும். விவரக் கோப்பு இல்லாத புதுப் பட்டைக்கும், என்ன அனுப்ப வேண்டும், என்ன பதில் வரும் என்று எழுதி நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ரஸ்ஸல் க்ரோல் தொடங்கிவைத்துப் பின்னர் பலர் வளர்த்துவரும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் திட்டத்தாருக்கும் எங்கள் நன்றி. யுபிஎஸ் பேட்டரி தீரும் தறுவாயில் மற்ற இயந்திரங்களை முதலில் முறைப்படி அணைத்து, யுபிஎஸ்ஸோடு இணைந்த கணினியைக் கடைசியில் அணைக்கும் வரிசையை அது கவனித்துக்கொள்கிறது. இயந்திரங்கள் அணைந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் திரும்பிவிட்டால், பிளக்கில் மின்சாரம் அறுபடாததால் எவையும் தாமாக எழுவதில்லை என்ற இடுக்கைப் பற்றி அவர்களுடைய ஆவணம் எச்சரித்திருந்தது. இப்போது அப்படி நேர்ந்தால் துளைகளை நிறுத்தித் திறந்து எழுப்புகிறோம்.

அண்டை மாவட்டக் கல்லூரி ஒன்றில் இதே பொறுப்பில் இருக்கும் நண்பர் சேமிப்பு சர்வர்களைப் பற்றித் தந்த அறிவுரையோடு முடிக்கிறேன். அந்த இரண்டில் ஒன்று தடம் புரண்டால், மற்றொன்று அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரண்டும் ஒரே வட்டில் எழுதிச் சிதைத்துவிடும். மின்வழங்கி இரண்டு இருப்பதால், ஒரு துளையை அணைத்துத் திறந்து, பிறகு மற்றதை அணைத்துத் திறந்தால் சர்வர் அணையவே அணையாது. இரண்டையும் அணைத்து, அணைந்ததை உறுதிசெய்து, அதன் பிறகே இரண்டையும் திறக்க வேண்டும். அந்தச் சர்வர்களில், தொலைவிலிருந்தே அணைத்துத் திறக்க உதவும் ஐபிஎம்ஐ வசதி இருக்கும்போது பட்டை எதற்கு என்று கேட்டதற்கு, அந்த வசதியை இயக்கும் சில்லே சில வேளை உறைந்துபோகும், அப்போது துளையை விட்டால் வேறு கதியில்லை என்றார். அவர் சொன்ன வரிசையைத்தான் பின்பற்றுகிறோம்: இயங்குதளத்தின் வழியாக முறையான நிறுத்தம், அது முடியாவிட்டால் ஐபிஎம்ஐ, அதுவும் முடியாவிட்டால் பட்டை.

கடவுச்சொற்களை நீக்கிய கட்டமைப்புக் கோப்புகளும், துளைப் பட்டியலும், பயாஸ் குறிப்புகளும் துறை அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வேறு துறையினரோ கல்லூரியினரோ கேட்டால் நகல் தரப்படும். பட்டை வாங்குவதற்கு முன்பே வந்து பார்த்தால் இன்னும் நல்லது, எலக்ட்ரீஷியன் அண்ணனையும் அழைத்து வைக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
கணினிக் கூடப் பொறுப்பாளர்