தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தைக் காட்டித் தந்தவர்களுக்கு

ஆலயத்தைப் பராமரிக்கும் அன்புள்ள கோயில்பிள்ளை ஐயாவுக்கும், கொத்தனார் அண்ணனுக்கும், ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், ராஜ வீதி அம்மாமார்களுக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

முதல் நன்றி ஆட்டோ தம்பிக்கு. மயிலாடுதுறையிலிருந்து வரும் சில பேருந்துகள் பக்கத்து ஊரான பொறையாற்றோடு நின்றுவிடும், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்று முன்பே எச்சரித்தது அவர்தான். எந்தக் கோயில் என்று விசாரித்த பிறகே வண்டியை எடுத்ததும் அவர்தான். ராஜ வீதியில் பழைய ஆலயங்கள் இரண்டு. 1701இல் எழுந்தது சீயோன் ஆலயம். டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் வேறு. பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்ததாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். முகப்பில் 1718 என்ற ஆண்டும், கிரீடத்தின் கீழ் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் பெயரெழுத்தும் இருந்தால் அது புதிய எருசலேம்.

கோயில்பிள்ளை ஐயா, முந்தின நாளே சொல்லிவிட்டு வரச் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்போம். சிலுவை வடிவில் அமைந்த கட்டடத்தை நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்க்கச் சொன்னதும், பீடத்தருகே சீகன்பால்கு, அவருடன் பணிசெய்த கிருண்ட்லர் ஆகியோரின் கல்லறைகளைக் காட்டியதும் மறக்காது. கட்டி முடித்த மறு ஆண்டே, 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு அங்கேயே அடக்கமானார். அப்போது அவருக்கு வயது 36.

தேய்ந்த கல்லெழுத்தைப் படிக்க நீங்கள் சொன்ன வழியை எல்லோருக்கும் சொல்கிறோம். சாக்குக்கட்டி தேய்க்கக் கூடாது, அது கல்லின் துளைகளில் தங்கிவிடும். எண்ணெய் தடவினால் கறை போகாது. டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். நான்கு பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சி நான்கு படம் எடுக்க வேண்டும். ஒரு பக்க ஒளியில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும்.

கொத்தனார் அண்ணனுக்குத் தனி நன்றி. கடலோரத்துப் பழஞ்சுவர் ஏன் பொரிந்து உதிர்கிறது என்று விளக்கினீர்கள். ஈரத்தோடு ஏறும் உப்பு, ஈரம் காயும் இடத்தில் படிகமாகி மேற்பூச்சைத் தள்ளுகிறது. மேலே சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளிருக்கும் செங்கல்லே பொடியாகும். நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கு, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய நாள் கொடுத்துப் பூச வேண்டும். அவசரப்பட்டு ஒரே கனமாகப் பூசினால் வெடிப்பு விடும். பழஞ்சுவர் உள்ள ஒவ்வொரு ஊராரும் இதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நண்பகல் வெயிலில் தண்ணீர் தந்து, திண்ணையில் உட்கார வைத்த அம்மாமார்களே, உங்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

கல்லெழுத்துப் படங்களை இரண்டு பிரதியாக அச்சிட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒன்று ஆலயத்துக்கு, மற்றொன்று கோயில்பிள்ளை ஐயாவுக்கு. எந்தப் பக்கம் ஒளி வைத்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் பின்னும் எழுதியிருக்கிறோம்.