படத்தில் மட்டும் பார்த்த பிசிஆர்

ஐயா,

உயிர்வேதியியல் இளநிலைப் படிப்புக்கு இடங்களைக் கூட்ட வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். இடம் கூடட்டும், சரி. ஆய்வகம்? கொருக்குப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் இந்தப் பாடத்தை மூன்றாண்டு ஆசையாகப் படித்தவள் நான். டிஎன்ஏவைச் சூடாக்கி இழைகளைப் பிரித்து, சற்று ஆறவிட்டு பிரைமர் என்ற குட்டி இழையை ஒட்டவைத்து, 72 டிகிரியில் நொதியைக் கொண்டு நகலெடுப்பதுதான் பிசிஆர். இப்படி 30 சுற்று முடிந்தால் ஒரு டிஎன்ஏ துண்டு, கணக்குப்படி 100 கோடிக்கு மேல் பெருகும். தேர்வில் இதைப் பிழையில்லாமல் எழுதினேன். கருவியை மட்டும் சுவரில் ஒட்டிய படத்தில்தான் பார்த்தேன். அப்புறம் வேலைக்கான நேர்காணலில், மிகச் சிறிதளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கொடுத்து 2 மைக்ரோலிட்டர் எடுக்கச் சொன்னார்கள். கை நடுங்கியது.

கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளில், இதே பிசிஆர் முறையில் தொற்றைக் கண்டறியும் ஆர்டிபிசிஆர் ஆய்வகங்கள் அமைந்தன. வடசென்னைக்கு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டார அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு, கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே செய்முறைப் பயிற்சி தர உயர்கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். நோயாளிகளின் மாதிரியைத் தொடவே வேண்டாம். வாழைப்பழத்திலிருந்து எடுக்கும் டிஎன்ஏ போதும்.

– உயிர்வேதியியல் பட்டதாரி, கொருக்குப்பேட்டை, சென்னை