இரண்டாம் தவணை நிறைவும் எமது வகுப்பு வட்ஸ்அப் குழுக்களும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை இந்த வாரத்துடன் நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் வலயமட்ட விளையாட்டுப் போட்டிகளிலும் எமது மாணவர்கள் பங்குபற்றிப் பாடசாலைக்குப் பெருமை சேர்த்தனர். தவணைப் பரீட்சைகள் ஒழுங்காக நடைபெற்றன. பழைய மாணவர்களின் உதவியால் குடிநீர்த் தொகுதி திருத்தப்பட்டுள்ளது. உழைத்த ஆசிரியர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் எனது நன்றி. தேர்ச்சி அறிக்கைகள் பிள்ளைகளிடம் கையளிக்கப்பட்டுவிட்டன.

அந்தப் புள்ளிகள் தொடர்பாக நடந்த ஒன்றைப் பற்றி உங்களுடன் மனம் திறந்து பேச வேண்டியுள்ளது.

பரீட்சைப் புள்ளிகள் தொகுக்கப்பட்ட நாள்களில், ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியல் ஆசிரியர் மேசையில் இருந்தபோது படம்பிடிக்கப்பட்டு, அவ்வகுப்பின் பெற்றோருக்கான வட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. பகிர்ந்தவர் தீய எண்ணத்துடன் செய்யவில்லை என்று என்னிடம் கூறினார். அதை நான் நம்புகிறேன். முதலில் வந்தவை முன்னிலை பெற்ற பிள்ளைகளுக்கான வாழ்த்துகளே. பின்னர் ஒருவர் பட்டியலின் கடைசிப் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதன் கீழே சிரிக்கும் முகக்குறிகள் சில விழுந்தன. அன்றிரவே அப்படம் கடல் கடந்து ஓர் உறவினரைச் சென்றடைய, அவர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அழைப்பெடுத்து, "நீ எத்தனையாம் பிள்ளை?" என்று பிள்ளையிடமே கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை நான்கு நாள்கள் பாடசாலைக்கு வரவில்லை. அது எந்த வகுப்பு, யாருடைய பிள்ளை என்று தயவுசெய்து எவரும் தேட வேண்டாம்.

பட்டியலை மேசையில் திறந்து வைத்திருந்தது எமது தவறு. அதற்காக அந்தக் குடும்பத்தாரிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இனி எந்த வகுப்பிலும் புள்ளிப் பதிவேடு பிறர் பார்வையில் படும்படி இருக்காது. ஒரு பிள்ளையின் புள்ளிகள் அப்பிள்ளையின் பெற்றோருக்கு மட்டுமே காட்டப்படும்.

குழுவில் இட்ட செய்தியை அனுப்பியவர் பின்னர் எல்லோருடைய தொலைபேசியிலிருந்தும் அழித்துவிடலாம் என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். வட்ஸ்அப்பில் அவ்வாறு அழிப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் இருப்பது உண்மையே. ஆயினும் அதற்குள் ஒருவர் திரையைப் படம்பிடித்தாலோ, வேறொரு குழுவுக்கு அனுப்பினாலோ, செய்தியை முதலில் இட்டவரால் அந்தப் பிரதியைத் தொடவும் முடியாது. இந்தப் பட்டியலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அழிக்கப்பட்டதுதான். அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதை மேலே சொன்னேன்.

இந்தக் குழுக்கள் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது உருவானவை இவற்றுட் பல. ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளைப் படம்பிடித்து அனுப்பினார்கள். தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுத் தாய் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார். குழுவில் வந்த செய்தி வேலியைக் கடந்து ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்த அந்த நாள்களை நான் மறக்கவில்லை. சென்ற ஆண்டும் ஒரு மாணவர் நீண்ட காலம் வைத்தியசாலையில் இருந்தபோது, அவ்வகுப்புத் தாய்மார் முறைவைத்துத் தமிழ்ப் பாடத்தை வாசித்துக் குரற்பதிவாக அந்த மாணவரின் தாய்க்குத் தனியாக அனுப்பினார்கள். குழுவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அந்தத் தாய் சொன்ன பிறகே எனக்குத் தெரியும்.

என் இளமைக் காலத்து நினைவு ஒன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வெளிநாட்டிலிருந்த அண்ணரின் கடிதம் மாதக்கணக்கில் பிந்தியே வந்து சேரும். அம்மா அதை ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து வாசிப்பார். ஒழுங்கையில் உள்ளவர்களும் கேட்க வந்திருப்பார்கள். அண்ணர் சுகமாக இருப்பதையும், அயலவர்களை விசாரித்து எழுதியதையும் உரத்து வாசிப்பார். அண்ணரின் வேலைக் கஷ்டமும் கடனும் எழுதியிருந்த தாளை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். அந்தத் தாளைப் பற்றி எவரும் கேட்டதில்லை. ஆனால் அடுத்த நாள் அயல்வீட்டு மாமி தனியாக வந்து அம்மாவுடன் நெடுநேரம் குசினியில் இருந்துவிட்டுப் போவார். எதை உரத்து வாசிப்பது, எதை மடித்து வைப்பது என்ற அந்த அறிவைத்தான் எமது குழுக்களிலும் எதிர்பார்க்கிறேன்.

பாடசாலை தொடங்கும் நேரம், கூட்டங்கள், கொண்டுவர வேண்டிய பொருள்கள், காணாமற்போன தண்ணீர்ப் போத்தல் ஆகியவை எல்லோருக்கும் உரியவை. ஒரு பிள்ளையின் புள்ளி, நோய், வீட்டுச் சூழல், ஒழுக்கம் ஆகியவை உரியவரிடம் மட்டும் பேசப்பட வேண்டியவை. ஆசிரியர் மீது குறை இருந்தால் அவரிடமோ என்னிடமோ நேரில் சொல்லுங்கள். எனது அறைக் கதவு திறந்தே இருக்கும். இன்னொரு வீட்டின் துயரை அறிந்தால், குழுவில் கைகூப்பும் குறியொன்றை இடுவதோடு நின்றுவிடாமல், ஒரு அழைப்பெடுத்துப் பேசுங்கள். முடிந்தால் படலையைத் திறந்து போய்ப் பாருங்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாத இடமும் உண்டு. பிறர் பிள்ளையின் புள்ளிகளையோ படத்தையோ குரலையோ அப்பெற்றோரின் அனுமதியின்றி வகுப்புக் குழுவில் பகிர்பவர்கள் என்னைச் சந்திக்க அழைக்கப்படுவார்கள். மீண்டும் நடந்தால், அக்குழுவில் வகுப்பாசிரியர் மட்டுமே செய்தி இடக்கூடியவாறு மாற்றப்படும். இரவு எட்டு மணிக்குப் பின்னர் ஆசிரியர்கள் பதிலளிக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கு அறிவித்துள்ளேன். ஒரு பிள்ளையின் பெயரை வைத்துச் சிரிப்பது வளர்ந்தவர்கள் செய்யக்கூடாத காரியம்; எமது பிள்ளைகள் தாயின் தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வட்ஸ்அப், முகநூல், டிக்டொக் மூன்றுமே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று கூறுகின்றன என்பதையும் தரம் 6, 7 மாணவர்களின் பெற்றோருக்கு நினைவூட்டுகிறேன். இணையத்தில் எழுந்த தொல்லையால் ஒரு பிள்ளை ஒடுங்கிப் போவதைக் கண்டால் எமது ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரை நாடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதியதற்காக எவரும் மனம் வருந்த வேண்டாம். உங்களில் மிகப் பலர் இவற்றைச் சொல்லாமலேயே கடைப்பிடிப்பவர்கள் என்பதை நான் நன்கறிவேன்.

விடுமுறையுடன் நல்லூர் முருகன் கோவில் திருவிழாக் காலமும் சேர்ந்து வருகிறது. 25 நாள் திருவிழாவுக்காக வெளிநாடுகளிலிருந்து பல உறவினர்கள் வருவார்கள். திரையில் மட்டும் கண்ட பெரியம்மாவும் சித்தப்பாவும் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது, பிள்ளைகள் அவர்கள் அருகில் இருந்து கதை கேட்கட்டும். அவர்கள் திரும்பிப் போன பின்னர் எடுக்கும் வீடியோ அழைப்பில் பேசுவதற்கு அந்தக் கதைகளே போதும்.

மூன்றாம் தவணை தொடங்கிய முதல் வாரத்தில் வகுப்புவாரியாகப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். குழுக்களை எப்படி நடத்துவது என்பதை அங்கே உங்களுடன் சேர்ந்து தீர்மானிப்போம். உங்கள் கருத்துகளை முன்னதாகவே எழுதித் தரலாம்.

நிறைவாக, மூன்று தாய்மாருக்கு நன்றி கூற வேண்டும். நான்காம் நாள் மாலை அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றிருக்கிறார்கள். புள்ளிகளைப் பற்றி எவரும் பேசவில்லையாம். தேநீர் குடித்தார்களாம், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்களாம். அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளை ஒரு நண்பரின் சைக்கிளில் பின்னால் இருந்து பாடசாலை வாயிலுக்கு வந்ததை நான் கண்டேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
அதிபர்