கோரிக்கை மனு: நகராட்சி நூலகத்தில் மெலிவிலுவுக்கு ஒரு பலகை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தெமுகோ, அரௌகானியா, சிலி.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
தெமுகோ நகராட்சி.

பொருள்: சிலி நாடாளுமன்றத்தின் முதல் மாப்புச்சே (சிலியின் தொல்குடி மக்கள்) உறுப்பினர் பிரான்சிஸ்கோ மெலிவிலு என்ரீக்கெஸ் பற்றி நகராட்சி நூலகத்தில் காட்சிப் பலகை வைக்கக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் கவிஞர் நெருடா இங்கே படித்தவர் என்பார்கள். 1920இல் கவிஞர் கப்ரியேலா மிஸ்திரால் இங்கே பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்ததும் சிலருக்குத் தெரியும். மெலிவிலு யார் என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல்லித்தர வேண்டிய நாங்கள்தான் சொல்லவில்லை.

அவர் ஆசிரியர், வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1924இல் தெமுகோ பகுதியிலிருந்து தேர்வானார். அதே ஆண்டு செப்டம்பரில் ராணுவம் தலையிட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டது. பாடப்புத்தகத்துக்கு 'முதல் உறுப்பினர்' என்ற ஒற்றை வரி போதும். எனக்குப் போதவில்லை. அவர் வழக்கறிஞராக இருந்ததுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

காரணம் இதுதான். 1881இல் இந்த ஊர் ஒரு ராணுவக் கோட்டையாகத் தொடங்கியது. இரண்டே ஆண்டில் மாப்புச்சே நிலம் முழுக்க அரசின் கைக்குப் போனது. பிறகு 1884 முதல் 1929 வரை ஓர் அரசு ஆணையம் நிலத்தை அளந்து, மாப்புச்சே மக்களுக்கு ஏறத்தாழ 3,000 பட்டாக்களைக் கொடுத்தது. எல்லாம் சேர்த்துச் சுமார் 5 லட்சம் ஹெக்டேர். முன்பு அவர்கள் ஆண்ட நிலத்தில் அது ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டுக்கும் பாதுகாப்பில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நட்டுக்கொண்டே வருவார். பட்டா ஸ்பானிஷ் மொழியில், வழக்கும் ஸ்பானிஷ் மொழியில். நிலத்துக்காரர் பேசுவதோ மாப்புச்சே மக்களின் மொழியான மாப்புதுங்குன். 1913இல் நுவேவா இம்பெரியாலில் ஹுவான் பைனேமால் என்பவருக்கு மாட்டுக்குப் போடுவது போல் சூடு போட்ட காலம் அது. அப்படியொரு காலத்தில் ஒரு மாப்புச்சே சட்டம் படித்து வந்தார் என்றால், பட்டாவை அதன் மொழியிலேயே படித்துச் சொல்ல அவர்களில் ஒருவரே கிடைத்தார் என்று பொருள்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். நிலப் பட்டாக்களின் ஆவணக் காப்பகம் நம் தெமுகோவிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஒரு பட்டாவின் நகலை வாங்கி, மெலிவிலுவின் வாழ்க்கைக் குறிப்போடு நூலகத்தில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் வைக்க வேண்டுகிறேன். குறிப்பு ஸ்பானிஷிலும் மாப்புதுங்குனிலும் இருக்கட்டும். பக்கத்துக் கால்வரினோ நகராட்சி 2013இலேயே மாப்புதுங்குனை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நம்மால் ஒரு பலகையாவது முடியாதா?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பெயரின் பொருளையும் எழுதச் சொல்லுங்கள். மெலி என்றால் நான்கு, விலு என்றால் பாம்பு. நான்கு பாம்புகள் என்று சொன்னால் எந்தப் பையனும் மறக்க மாட்டான்.

குறிப்பை எழுதித் தரவும், பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் நூலகத்தில் இருந்து விளக்கவும் நான் தயார். ஊதியம் வேண்டாம். அந்தப் பட்டா நகலைக் கேட்க நகராட்சியின் கடிதம் ஒன்று மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்
தெமுகோ