உரையாடல் பக்கத்தில் எழுதும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தமிழ் விக்கிப்பீடியாவில் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை பற்றி நீ சேர்த்த பத்தியை யாரோ நீக்கிவிட்டார் என்று நேற்றிரவு தொலைபேசியில் கொதித்தாய். போய்ப் பார்த்தேன். "சான்று இல்லை, நீக்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் நீண்ட பதிலையும் படித்தேன். அதைக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், எழுதுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அந்த இடத்தில், போடாதே.

அவர் எழுதியதில் ஆணவம் தெரிகிறது என்கிறாய். எனக்குத் தெரியவில்லை. சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து, அடுத்தடுத்துப் பக்கங்களைச் சரிபார்க்கும் ஒருவர் அவ்வளவுதான் எழுதுவார். பாட்டி சொல்லக் கேட்டதை நீ எழுதியிருந்தாய். பாட்டி சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். வெளியான, நம்பத்தக்க ஆதாரம் கேட்பது அந்தக் கலைக்களஞ்சியத்தின் அடிப்படை விதி. விதியைச் சொன்னவர் உன் பாட்டியைப் பழிக்கவில்லை, அம்மா.

எதிரில் இருப்பவரும் பக்கத்தை மேம்படுத்தவே வந்திருக்கிறார் என்று முதலில் நம்ப வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் பழைய நெறி. அதை வெறும் மரியாதை என்று நினைக்காதே. திரையில் முகமும் இல்லை, குரலும் இல்லை. வாசிக்கிறவர்தான் குரலைச் சேர்த்துக்கொள்கிறார். மனம் புண்பட்டிருக்கும் நேரத்தில் கடுமையான குரலே காதில் விழும். 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், மின்தூக்கியில் பாதரசம் சிந்தியதாக வேடிக்கைக்கு எழுதியதைச் சிலர் மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் அங்கிருந்த கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாக எழுதுவதைக் காட்ட முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி சேர்ந்த சிரிப்புக் குறியை முன்மொழிந்தார். ஒருவரையொருவர் அறிந்த வளாகத்திலேயே அந்த நிலை என்றால், முன்பின் பார்க்காதவரிடம் நீ செய்யும் கிண்டல் எப்படிப் போய்ச் சேரும்? உன் பதிலில் மூன்றாவது பத்தி முழுவதும் கிண்டல்தான்.

"ஏன் நீக்கினீர்கள்?" என்று நேரில் கேட்டால் அது கேள்வி. எழுத்தில் அதுவே குற்றச்சாட்டு ஆகிவிடும். "எந்த வகைச் சான்று வேண்டும் என்று சொன்னால் தேடித் தருகிறேன்" என்று எழுது. வயது தெரியாத இடம் என்பதால் எல்லோரையும் நீங்கள் என்றே அழை. பத்தியைப் பிடிவாதமாகத் திரும்பச் சேர்க்காதே. மாற்றி மாற்றி மீட்டால் கணக்கை முடக்கவும் செய்வார்கள். எழுதியதைப் பிறகு அழித்தாலும் பக்கத்தின் வரலாற்றில் அது கிடக்கும்.

இன்னொன்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்ததில் ஈழத்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் டொராண்டோ என்பதை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள். அதைப் பிழை என்று திருத்தக் கிளம்பாதே. இதில் நம் ஊர்க்காரர்கள் காட்டும் அவசரம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஐயம் இருந்தால் ஆலமரத்தடி என்ற பொதுப் பக்கத்தில் கேள். பொறுமையாகப் பதில் சொல்லும் மூத்த பயனர்கள் அங்கே இருக்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்ட நூலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். நெசவு பற்றிய நூல்களில் பாட்டி சொன்ன முடிச்சு முறை வந்திருக்கிறதா என்று பார்த்து, பக்க எண்ணோடு படம் எடுத்து அனுப்புகிறேன். அதுவரை அவருக்கு இரண்டு வரி மட்டும் எழுதிவை.

அன்புடன்,
அப்பா