இரு பக்கப் பெண்களுக்கும் ஒரே வாசல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகதிப் பெண்கள் மீதான வன்முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல பத்திரிகைகள் தொடத் தயங்கும் விஷயத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு நன்றி. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். கட்டுரையாளர் முகாம் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டார் என்று எனக்குப் பட்டது. வேலிக்கு வெளியே, அகதிகளுக்கு இடம் கொடுத்த ஊரில் இருக்கும் பெண்ணும் அதே காட்டுக்குத்தான் விறகுக்குப் போகிறாள், அதே குழாயடியில்தான் வரிசையில் நிற்கிறாள். இருவரையும் சேர்த்து யோசிக்காத எந்த ஏற்பாடும் இருவரில் எவரையும் முழுதாகக் காப்பாற்றாது என்று உறுதியாக நம்புகிறேன்.

உண்மையில் உலக அகதிகளில் பெரும்பாலோர் முகாம்களில் இல்லை. வாடகை அறைகளிலும் பாதி கட்டிய கட்டடங்களிலும், உள்ளூர் மக்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்களாக வாழ்கிறார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அகதிகளுக்கு இடம் கொடுத்திருப்பவை ஏழை நாடுகளும் நடுத்தர வருமான நாடுகளும்தான். அங்கே உள்ளூர்ப் பெண்ணுக்கே மருத்துவமனையும் காவல் நிலையமும் எட்டாத தூரத்தில் இருக்கும். முகாமில் தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவ நிலையத்தில் மருந்து இருக்க, வெளியே அரசு சுகாதார நிலையத்தில் அதே மருந்து இருக்காது. ‘வந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது’ என்ற கசப்பு அங்கேதான் பிறக்கிறது. அது கடைசியில் யார் மீது இறங்குகிறது? தண்ணீருக்கும் விறகுக்கும் தனியாக வெளியே வரும் பெண் மீதுதான்.

விறகையே எடுத்துக்கொள்வோம். கென்யாவின் தடாப் முகாம்களிலிருந்து விறகு பொறுக்கப் போன சோமாலிய அகதிப் பெண்கள் 1990-களில் புதர்க்காட்டில் தொடர்ந்து தாக்கப்பட்டார்கள். 1998-இல் அங்கே குடும்பங்களுக்கு விறகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. வீட்டில் விறகு இருந்த காலத்தில் காட்டில் நடந்த பாலியல் வன்முறைகள் குறைந்தன, ஆனால் மற்ற இடங்களில் நடந்தவை கூடின என்று பின்னர் நடந்த மதிப்பாய்வு சொன்னது. விறகு கொடுத்தது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தாக்குகிறவனுக்குத் தண்டனைப் பயம் வராதவரை அவன் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வான்.

வங்கதேசத்தில் வேறு விதமாக யோசித்தார்கள். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் அங்குள்ள காக்ஸ் பஜாருக்கு வந்து சேர்ந்தார்கள். அடுப்பெரிக்க வெட்டி வெட்டியே சுற்றியிருந்த காடு அழிந்தது. விறகுக்காக உள்ளூர் மக்களோடு மோதல் வந்தது. 2018 முதல் சமையல் எரிவாயு சிலிண்டர் கொடுக்கத் தொடங்கியபோது அகதிக் குடும்பங்களோடு சுற்றுவட்டாரத்து ஊர்க் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் காட்டுக்குள் போகவேண்டிய தேவை இரு பக்கமும் குறைந்தது, சண்டைக்கான காரணமும் ஒன்று குறைந்தது. உகாண்டாவிலும் அகதிகளுக்கான உதவியில் குறைந்தது 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. கட்டுரையில் இவற்றுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

கழிப்பறை பற்றிக் கட்டுரை நன்றாகவே பேசியது. 20 பேருக்கு ஒன்று, உள்ளே தாழ்ப்பாள், வழியில் வெளிச்சம் என்று நிவாரணப் பணிக்கான ஸ்ஃபியர் கையேடு சொல்வதை இன்னும் பல இடங்களில் நடைமுறையில் காணோம். இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் பெண்கள்.

ஆனால் விளக்குக் கம்பம் நடுவதால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை நிற்காது. முகாம்களில் உதவி தேடி வரும் பெண்கள் சொல்பவற்றில் மிகப் பெரும்பகுதி கணவனும் நெருங்கிய உறவினரும் செய்யும் கொடுமைதான். உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறாள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் பெரும்பாலானவற்றைச் செய்பவன் துணைவனே. இது அகதிக்கும் பொருந்தும், அகதிக்கு வீடு கொடுத்தவளுக்கும் பொருந்தும். வேலையையும் மரியாதையையும் இழந்த வெறுப்பில் அடிக்கிறான் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அதை நான் ஏற்கவில்லை. அதே வேலையை இழந்து, அதே கூடாரத்தில் இருந்துகொண்டு, கை ஓங்காத ஆண்கள் எத்தனையோ பேர். தவிர, அவளும்தான் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தப் பெண் ஏன் வெளியேறவில்லை என்று கேட்பவர்கள் அவளுடைய அட்டையைப் பார்க்க வேண்டும். குடும்ப அட்டை கணவன் பெயரில் இருந்தால், அவனை விட்டு வந்த அன்றே அவளுக்கு ரேஷன் இல்லை, தங்க இடமில்லை, சட்டப்படி அந்த நாட்டில் இருக்க உரிமையும் கேள்விக்குறி. பெண்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து அவரவர் பெயரில் ஆவணம் தருவதாக ஐ.நா. அகதிகள் ஆணையம் 2001-இலேயே வாக்குறுதி கொடுத்தது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் என்பதை என் வேலையில் நேரில் கண்டிருக்கிறேன். உள்ளூரிலும் அப்படித்தான். சொத்தும் அட்டையும் கணவன் பெயரில் இருக்கும் பெண்ணுக்கு வாசற்படி தாண்டத் துணிச்சல் வருவதில்லை.

வறுமையும் பயமும் சேர்ந்தால் சிறுமிகளுக்குத் திருமணம் முடித்துவிடுகிறார்கள். ஜோர்டானில் பதிவான சிரிய அகதிகளின் திருமணங்களில் 2013-இல் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மணப்பெண் 18 வயது நிரம்பாதவள் என்று யுனிசெஃப் கணக்கிட்டது. பெற்றோருக்குக் கல்நெஞ்சம் என்று இதற்கு அர்த்தமில்லை. மகளுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பியே பலர் இதைச் செய்கிறார்கள்.

இனி, நடந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரை மிகவும் அவசரமாகக் கடந்துபோன இடம் இது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 120 மணி நேரம்வரை அவகாசம் உண்டு. இந்த இரண்டு எண்களையும் முகாமிலும் ஊரிலும் ஒவ்வொரு சுவரிலும் அந்தந்த மொழியில் எழுதி வைக்க வேண்டும். ஆண்களும் சிறுவர்களும்கூட இந்த வன்முறைக்கு ஆளாகிறார்கள், அவர்களுக்கும் இது தெரிய வேண்டும். போலீசில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று திருப்பி அனுப்பும் இடங்களில் இந்த மணி நேரங்கள் வீணாகிப் போகின்றன. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர். அகதிப் பெண் பேசுவது மருத்துவருக்குப் புரியாது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாராவது ஓர் ஆணைக் கூப்பிடுவார்கள், அவன் அவள் கணவனுக்குத் தெரிந்தவனாக இருப்பான். அவள் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ரகசியம் காக்கப் பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல், எவ்வளவு நல்ல மருத்துவமனை கட்டினாலும் அது இந்தப் பெண்களுக்குப் பயன்படாது. காங்கோவின் புகாவு நகரில் மருத்துவர் டெனிஸ் முக்வெகே 1999-இல் தொடங்கிய பான்சி மருத்துவமனையில் உடல் சிகிச்சையோடு மனநல உதவி, சட்ட உதவி, பிழைப்புக்கான உதவி எல்லாம் சேர்ந்தே கிடைக்கின்றன. 2018-இல், ஐ.எஸ். அமைப்பினரின் பாலியல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இராக்கின் யாசிதிப் பெண் நாதியா முராத்தோடு அவருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்படி ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் மையம், முகாமும் ஊரும் சந்திக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இரு பக்கப் பெண்களும் ஒரே வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். அந்த வாசலில் ‘பாலியல் வன்முறை மையம்’ என்று பலகை மாட்டாதீர்கள். தையல் வகுப்போ குழந்தைகளுக்கான தடுப்பூசியோ நடக்கும் இடமாக இருந்தால்தான் யார் எதற்கு வந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அகதி ஒருவன் உள்ளூர்ப் பெண்ணுக்குத் தீங்கு செய்தால் ‘எல்லோரையும் விரட்டு’ என்று கூட்டம் கூடுகிறது. அதே ஊரில் பெண்கள் தினமும் வீட்டில் அடிபடும்போது அந்தக் கூட்டம் எங்கே போகிறது? மறுபக்கம், உள்ளூர்க்காரன் அகதிப் பெண்ணைக் கெடுத்தால், ‘ஊரைப் பகைத்துக்கொண்டால் நமக்குத்தான் ஆபத்து’ என்று சொந்தப் பெரியவர்களே அவள் வாயை அடைக்கிறார்கள். பேசித் தீர்க்கிறோம் என்று உட்கார்ந்து, கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் தீர்ப்புகளும் வருகின்றன. இரு சமூகங்களின் மானமும் பெண்ணின் தலையில்தான் ஏற்றப்படுகிறது. புகாரே வரவில்லை, ஆகவே இங்கே பிரச்சினை இல்லை என்று அதிகாரிகள் சொல்வது இந்த வாயடைப்பின் விளைவு. புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்காமல், வன்முறை நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து பணியைத் தொடங்க வேண்டும் என்று நிவாரண அமைப்புகளுக்கான கூட்டு வழிகாட்டுதல் 2005-இலிருந்தே சொல்லிவருகிறது.

உதவ வந்தவர்களே சுரண்டிய கதையும் உண்டு. 2002-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் அகதி முகாம்களில் உணவுக்கும் உதவிப் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக அறிக்கை வெளிவந்தது. மறுவருடமே ஐ.நா. பொதுச்செயலாளர் அதை வெளிப்படையாகத் தடைசெய்து ஆணையிட்டார். புகார் சொல்லும் வழி அதே நிறுவனத்தின் கையில் மட்டும் இருந்தால் அந்த ஆணை காகிதத்தோடு நின்றுவிடும்.

பணம் எங்கே என்ற கேள்விக்கு: 2016 முதல் 2018 வரை உலகம் மனிதாபிமான உதவிக்குச் செலவிட்ட தொகையில் பாலின வன்முறையைத் தடுக்கவும் அதற்கு ஆளானவர்களுக்கு உதவவும் போனது 0.12 சதவீதம். 2025-இல் பெரிய நாடுகள் நிதியை வெட்டியபோது அந்தச் சிறு தொகையில் நடந்துவந்த பெண்கள் மையங்கள் பல மூடப்பட்டன. தடுக்க முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஊர் மக்களே முன்னின்று, ஆண்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ‘சாசா’ திட்டத்தில், திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரால் நிகழும் உடல் வன்முறை மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்ததாக ஆய்வு காட்டியது. நடந்தது சில வருடங்களில்தான்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகமும் பின்னால் கூடார எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. அவர் சம்மதித்திருக்கலாம். ஆனால் இணையத்தில் அந்தப் படம் எவ்வளவு தூரம் போகும், யார் கண்ணில் படும் என்று அவருக்கு யாராவது விளக்கினார்களா? தாக்கியவனும் பத்திரிகை பார்ப்பான். இணையப் பதிப்பிலிருந்து அந்தப் படத்தை இன்றே நீக்கிவிடுங்கள். அடுத்த கட்டுரைக்கு ஓவியம் போதும். அதன் கீழே, இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் அழைக்கவேண்டிய உதவி எண்ணையும் அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி