தனியாக ஏற முடியாத சாய்தளங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளப் பணிகள் நிறைவடைந்ததாக வரும் அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது வாசிக்கிறேன். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இயங்கிவரும் நான், வேலையாகப் போய்வரும் அலுவலகங்கள் பலவற்றில் அந்தச் சாய்தளங்களின் மீது துணையின்றி ஏற முடிவதில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பதே மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்துள்ள சாய்வு. அதன்படி, வாசலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால், அந்த 45 செ.மீ. ஏறுவதற்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். நடைமுறையிலோ, படிகளின் ஓரத்தில் ஆறடி நீளத்துக்குச் சிமெண்ட் கலவையைக் கொட்டி, அதன்மேல் வழவழப்பான டைல்ஸையும் பதித்து, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். இத்தகைய சரிவில் ஏற முயன்றால் நாற்காலியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். உடலை முன்பக்கம் சாய்த்துச் சமன்செய்யலாம் என்றால், இடுப்பில் வலுவில்லாத எங்களுக்கு அதுவும் கைகூடாது. சக்கரத்தை உருட்டப் பிடிக்கும் கைவளையத்தை விட்டு மறுபடி பிடிப்பதற்குள் நாற்காலி பின்னோக்கி உருண்டுவிடும். இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளங்கை எரிந்துபோகும். இத்தனையும் சாய்தளத்தின் அடிவாரத்தில் யாருடைய இருசக்கர வாகனமும் நிறுத்தப்படாமல் இருக்கும் நல்ல நாளில்தான்.

எனவே யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளிவிட ஆள் கிடைக்காமல் போவதில்லை; நம் ஊர் மக்களின் இரக்கத்தில் குறையொன்றும் கண்டதில்லை. ஆனால், வருமானச் சான்றிதழுக்கு ஒரு கையொப்பம் வாங்க, என் தம்பி அரைநாள் கூலியை இழந்து உடன்வர வேண்டியிருப்பதும், தனியாகப் போனால் "துணைக்கு ஆள் கூட்டிட்டு வரக்கூடாதாம்மா?" என்று அலுவலக ஊழியர் அக்கறையோடு கேட்பதும், வீட்டுச் செலவைத் தானே கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு எப்படியிருக்கும் என்பதை அந்தச் சாய்தளத்தைக் கட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை அரசு இலவசமாக வழங்கியதால்தான் பலரும் வெளியே நடமாடத் தொடங்கினோம். அதற்கு நன்றியுடையவர்களாகவே இருக்கிறோம். மடித்த சக்கர நாற்காலியைக் கை எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ள, பட்டறையில் சொல்லி ஸ்கூட்டரின் பக்கவாட்டில் ஒரு கம்பிச் சட்டமும் பற்றவைத்திருக்கிறேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவை யார் தயவுமின்றிக் கடந்து வருபவள், அலுவலக வாசலின் கடைசி ஆறடியில் வந்து நின்றுவிடுகிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கக் கூடாது என்கிறது. அதற்கடுத்த பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க ஐந்தாண்டு கெடு விதித்தது. 2017 ஜூன் மாதம் விதிகள் வெளியானதிலிருந்து கணக்கிட்டால் அக்கெடு 2022லேயே முடிந்துவிட்டது. இந்த அளவுகளைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரைகளாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இடமில்லை என்பதே பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். நேராக நீட்ட இடமில்லாத வாசலில், நடுவே ஒரு சமதளம் அமைத்துச் சாய்தளத்தைத் திருப்பிக் கட்டலாம். பல மருத்துவமனைகளில் மாடிக்கே இப்படித்தான் பாதை அமைத்திருக்கிறார்கள்.

கழிப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிச் சின்னம் வரைந்த கதவில் பூட்டு தொங்கும். திறந்து பார்த்தால் உள்ளே பழைய கோப்புக் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் இருக்கும். இதற்குப் பயந்தே, வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும் என்பது தெரிந்தேதான் செய்கிறோம்.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சாய்தளமோ கழிப்பறையோ கட்டி முடிந்ததும், ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகையை வழங்குமுன், அந்த வட்டாரத்தில் வசிக்கும் சக்கர நாற்காலிப் பயனாளி ஒருவரை அழைத்து, யாரும் கைகொடுக்காமல் அவரை ஏறி, இறங்கி, கதவைத் திறந்து பார்க்கச் சொல்லட்டும். அவர் கையொப்பமிட்ட பிறகே பணத்தை விடுவிக்க வேண்டும். பணிக்கான மதிப்பீடு தயாரிக்கும்போதே சாய்வின் விகிதத்தையும், கதவின் அகலத்தையும், இருபுறக் கைப்பிடியையும் அளவோடு எழுதிவிட்டால், இடித்துக் கட்டும் வீண் செலவும் மிச்சமாகும். இதற்கென அழைத்தால் எங்கள் வட்டாரத்தில் எத்தனை கட்டடங்களுக்கு வேண்டுமானாலும் நானே வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தென்காசி மாவட்டம்.